வாங்கும்போது சொத்து, விற்கும்போது அட்டை

வானொலியில் ஒரு விளம்பரத்துக்குப் பொதுவாக 30 விநாடி கிடைக்கும். கடல் அலை ஓசை, குழந்தைகளின் சிரிப்பு, 'உங்கள் குடும்பத்துக்காக, வாழ்நாள் முழுவதும்' என்ற கனிந்த குரல் என்று 27 விநாடி போய்விடும். மீதி 3 விநாடியில் 'விதிமுறைகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது' என்று மூச்சு விடாமல் முடிக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும் எனக்கு அந்த 3 விநாடியின் மேல் தனி மரியாதை உண்டு. வீட்டுக்குப் போன பிறகு ஒரு குடும்பத்தை 20, 30 ஆண்டு ஆளப்போவது அந்த முதல் 27 விநாடி அல்ல.

அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் பக்கங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். 'டைம்ஷேர்' எனப்படும் விடுமுறை உறுப்பியத்தை நீங்கள் இன்னொருவருக்கு விற்க நினைத்தால் என்ன ஆகும் என்று சொல்லும் பக்கம் அது.

எதை வாங்குகிறோம்?

பேரங்காடியில் ஒரு மேசை, புன்னகையோடு ஓர் இளைஞர், 'அக்கா, ஒரு நிமிஷம்!' என்று ஓர் அழைப்பு, ஓர் இலவச இரவுக்கான பற்றுச்சீட்டு. நம்மில் பலர் இந்த வாசல் வரை போய் வந்திருப்போம். உள்ளே போனால் ஒன்றரை மணி நேரம் விளக்கம். ஒரு விடுதி அறையை ஆண்டின் 52 வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒரு குடும்பத்துக்கு விற்பதுதான் டைம்ஷேரின் மூல வடிவம். 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய யோசனை. 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் வந்தது. உங்கள் வாரத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டு வேறோர் ஊரில் வேறொருவரின் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 'போர்ட் டிக்சனில் வாங்கு, பாரிசில் தங்கு' என்ற கனவு அங்கிருந்து வந்ததுதான். பிறகு வாரங்கள் புள்ளிகளாக மாறின. ஆண்டுக்கு இத்தனை புள்ளி, பெரிய அறைக்கு அதிகம், பள்ளி விடுமுறைக்கு இன்னும் அதிகம்.

விற்பனை மேசையில் அடிக்கடி விழும் சொல் 'சொத்து'. நம் சமூகத்துக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு மயக்கம் உண்டு. தோட்டத்து வரிசை வீட்டில் சொந்த நிலம் இல்லாமல் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். 'இது உங்கள் பிள்ளைகளுக்கும் போகும்' என்று ஒருவர் சொன்னால் காது நிமிராமல் இருக்குமா?

வீட்டையும் உறுப்பியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டின் பெயர் நில அலுவலகத்தில் பதிவாகிறது. கட்டி விற்ற மேம்பாட்டாளர் நாளைக்கே கடையை மூடினாலும் பட்டா உங்களுடையது. வாங்க ஆள் இருந்தால் அவரைக் கேட்காமலே விற்கலாம். மலேசியாவில் நாம் பரவலாகப் பார்க்கும் விடுமுறைக் கழக உறுப்பியம் அப்படிப்பட்டதல்ல. அது தங்கும் உரிமை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். உறுப்பினர் பதிவேடு இருப்பது நிர்வாக நிறுவனத்திடம். அந்தப் பதிவேட்டில் பெயர் மாறினால்தான் கை மாறியதாகப் பொருள். ஆக, உங்களுக்கு விற்றவரின் சம்மதம் இல்லாமல் நீங்கள் இன்னொருவருக்கு விற்க முடியாது. மறுவிற்பனைக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

அத்தையின் கோப்பு

என் அத்தை ஈப்போவில் இருக்கிறார். மாமா மின்சாரத் தொழில்நுட்பர். 2004இல் ஒரு விடுதிக் கூடத்தில் நடந்த விளக்கக் கூட்டத்துக்குப் போனவர், 18,000 வெள்ளிக்கு 30 ஆண்டு உறுப்பியத்தோடு திரும்பினார். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் அப்போது 380 வெள்ளி. அவர் ஏமாந்தார் என்று நான் சொல்லமாட்டேன். போர்ட் டிக்சன், கேமரன் மலை, லங்காவி என்று ஆண்டுக்கு ஒரு முறை நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த இரவுகள் அந்த அட்டையால் கிடைத்தவை. அடுப்பு உள்ள அறை என்பதால் மாமா நெத்திலி சம்பால் கிண்டுவார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தின் நல்ல புகைப்படங்களில் பாதி அந்த அறைகளில் எடுத்தவைதான்.

2021இல் மாமா போய்விட்டார். ஒரு மகன் மெல்பர்னில், மகள் சிங்கப்பூரில். அத்தைக்கு முட்டி வலி, ஈப்போ கடைத்தெருவுக்குப் போய் வருவதே ஒரு பயணம். ஆண்டுக் கட்டணம் மட்டும் நிற்கவில்லை. அது 1,050 வெள்ளியாக ஏறியிருந்தது. ஒப்பந்தம் 2034 வரை. 2026 முதல் கணக்கிட்டால் 9 ஆண்டு. கட்டணம் இனி ஒரு காசுகூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 9,450 வெள்ளி. ஒரு நாள்கூடத் தங்கப்போகாத அறைக்கு!

"ஏம்மா, இத யாருக்காவது வித்துட முடியாதா? சும்மா வேணாம், ஒரு மூவாயிரம் கெடச்சாக்கூடப் போதும்" என்றார் அத்தை.

பிஸ்கட் டின்னில் இருந்த கோப்பை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். உரிமை மாற்றம் பற்றிய பகுதி ஒன்றரைப் பக்கம்தான். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஐந்து பூட்டுகள் இருந்தன.

முதல் பூட்டு, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். காரணம் சொல்லாமலே மறுக்கலாம். இரண்டாவது, நிலுவை எதுவும் இருக்கக் கூடாது. விற்கும் ஆண்டின் கட்டணமும் முன்கூட்டியே செலுத்தப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, உரிமை மாற்றக் கட்டணம் 1,500 வெள்ளி. நான்காவது, நீங்கள் பேசி முடித்த அதே விலைக்கு நிறுவனம் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை. ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் கனமானது. இரண்டாம் கையாக வாங்குபவருக்கு 'தாய் விடுதி'யில், அதாவது முதலில் ஒப்பந்தமான போர்ட் டிக்சன் விடுதியில் மட்டும் தங்கும் உரிமை. மற்ற விடுதிகளும் வெளிநாட்டுப் பரிமாற்றமும் முதல் உறுப்பினருக்கும் அவருடைய நேரடி வாரிசுகளுக்கும் மட்டுமே.

கவனியுங்கள், அத்தை அந்த அறைகளில் தங்கிய 17 ஆண்டில் இந்த ஐந்தில் ஒன்றுகூட அவரைத் தொட்டதில்லை. மறுவிற்பனைக் கட்டுப்பாட்டின் குணமே அதுதான். உள்ளே இருக்கும்வரை அது கண்ணில் படாது.

அதே அறை, இரண்டு விலை

இது ஏதோ ஓர் உள்ளூர் நிறுவனத்தின் தந்திரம் என்று நினைத்தால் உலகமே அப்படித்தான் இருக்கிறது. அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த டிஸ்னி. 1991இல் புளோரிடாவில் தொடங்கிய 'டிஸ்னி வெகேஷன் கிளப்' புள்ளி முறையில் இயங்குகிறது. டைம்ஷேர் உலகில் அதற்கு ஒரு தனிப் பெயர் இருந்தது. அமெரிக்காவில் பல டைம்ஷேர்களை 1 டாலருக்குக் கொடுக்கிறேன் என்று விளம்பரம் செய்தாலும் எடுக்க ஆள் வராது. டிஸ்னி உறுப்பியத்துக்கோ இரண்டாம் கைச் சந்தையிலும் நல்ல விலை இருந்தது. வாங்கியவர்கள் தைரியமாக வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2011இல் முதல் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கியவர்கள் தங்கள் புள்ளிகளை டிஸ்னி கப்பல் பயணம் போன்றவற்றுக்குப் பயன்படுத்த முடியாது. 2019 ஜனவரி 19இல் விழுந்தது பெரிய கோடு. 'ரிவியரா' என்ற புதிய விடுதி திறக்கப்பட இருந்த ஆண்டு அது. அன்று முதல், பழைய 14 விடுதிகளின் புள்ளிகளை இன்னொரு உறுப்பினரிடமிருந்து வாங்குபவர்கள் அந்த 14க்குள் மட்டும் சுற்றலாம். ரிவியராவிலோ அதன் பின் வரும் புதிய விடுதிகளிலோ தங்க முடியாது. ரிவியரா புள்ளிகளை இரண்டாம் கையாக வாங்குபவருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். அவர் ரிவியராவில் மட்டுமே தங்கலாம்.

ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் எப்போதும்போல் எங்கும் தங்கலாம். ஆனால் ரிவியராவை நேரடியாக வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய ஒப்பந்தம் 2070 வரை. அவர் கையில் இருக்கும்வரை அந்தப் புள்ளி பல விடுதிகளைத் திறக்கும் சாவி. அவர் விற்ற நொடியில் அதே புள்ளி ஒரே விடுதியின் சாவியாகச் சுருங்கிவிடுகிறது. அறை அதே அறை, மெத்தை அதே மெத்தை, ஆண்டுக் கட்டணமும் அதே கட்டணம். ஆனால் வாங்குபவர் கையில் பாதி உரிமைதான் வந்து சேர்கிறது என்றால் அவர் முழு விலை கொடுப்பாரா? அந்தக் குறைவை ஏற்பது விற்பவர்.

அத்தையின் ஐந்தாவது பூட்டும் இதேதான். ஈப்போவுக்கும் ஆர்லாண்டோவுக்கும் இடையில் எத்தனையோ கடல். ஒப்பந்தத்தின் தர்க்கம் மட்டும் ஒன்று.

மேசைக்கு அந்தப் பக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நிகழ்ச்சியை முடிப்பது என் தொழிலுக்கு அழகல்ல. பல்கலைக்கழகத்தில் என்னோடு ஊடகத்துறை படித்த தோழி ஒருத்தி, ஒரு விடுமுறைக் கழகத்தின் விளம்பரப் பிரிவில் ஆறு ஆண்டு வேலை செய்தாள். அவளிடம் கேட்டேன்.

"நீயே சொல்லு. எங்க மேசையில ஓர் உறுப்பியம் 25,000. வெளியில பழைய உறுப்பினர் ஒருத்தர் அதே உரிமைய 3,000க்குக் குடுக்குறாரு. ரெண்டும் ஒண்ணுன்னா எங்ககிட்ட யாரு வாங்குவா?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. டைம்ஷேர் விலையில் ஒரு பெரும் பங்கு கட்டடத்துக்குப் போவதில்லை, விற்பனைக்கே போகிறது. பேரங்காடி மேசை, இலவச இரவு, விருந்து, முகவரின் தரகு எல்லாம் அந்த விலைக்குள்தான் இருக்கின்றன. பழைய உறுப்பினருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதனால் அவர் எப்போதும் மலிவாக விற்க முடியும். நிறுவனத்துக்குத் தன் சொந்தப் பழைய வாடிக்கையாளரே போட்டியாளராகிவிடுகிறார். அடுத்த விடுதியைக் கட்டப் புதிய விற்பனை வேண்டும். புதிய விற்பனைக்கு, 'எங்களிடம் வாங்கினால் மட்டும் கிடைக்கும்' என்று ஏதாவது வேண்டும்.

முன்னுரிமை விதிக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. யாராவது அவசரத்தில் மிக மலிவாக விற்கப் போனால், நிறுவனம் அதே விலைக்கு உள்ளே வந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படி உண்மையிலேயே எடுத்துக்கொள்ளும் நிறுவனமாக இருந்தால், விலை அதல பாதாளத்துக்குப் போகாமல் ஒரு தரை கிடைக்கிறது. டிஸ்னி அந்த உரிமையைப் பயன்படுத்துவதும் அதன் மறுவிற்பனை விலை நின்றதற்கு ஒரு காரணம் என்பார்கள். தாளில் மட்டும் எழுதிவைத்துவிட்டு ஒருபோதும் வாங்காத நிறுவனத்திடம் அந்த விதி வெறும் தாமதம்.

தோழி சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் ஒரு பொதுப் பானை. விடுதியின் கூரை, நீச்சல் குளம், தோட்டக்காரர் சம்பளம் எல்லாம் உறுப்பினர்கள் போடும் காசில் நடக்கிறது. விற்கவும் முடியாமல், தங்கவும் முடியாமல் இருப்பவர் கடைசியில் என்ன செய்வார்? கட்டாமல் நிறுத்திவிடுவார். நூறு பேர் சுமந்த பாரத்தை எண்பது பேர் சுமக்க வேண்டிவந்தால், எண்பது பேரின் கட்டணம் ஏறும். ஏறினால் இன்னும் பத்துப் பேர் நிறுத்துவார்கள். விடுதியில் வண்ணம் உரியும், குளிரூட்டி சத்தம் போடும், புதிதாக வாங்க வருபவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். கதவைப் பூட்டியதால் நிறுவனம் தன் புதிய விலையைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் மூச்சு முட்டுவது அதற்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்காவின் பெரிய டைம்ஷேர் நிறுவனங்கள் சில இதைப் புரிந்துகொண்டுவிட்டன. விண்டம் போன்றவை, கடன் பாக்கி இல்லாத உறுப்பினர் தன் உரிமையைத் திருப்பி ஒப்படைக்க முறையான வழி வைத்திருக்கின்றன. இதைத் தர்மம் என்று சொல்ல முடியாது. கட்டாத ஓர் உறுப்பினரைத் துரத்துவதைவிட, அந்த வாரங்களைத் திரும்பப் பெற்றுப் புதிதாக விற்பது கணக்குக்கு நல்லது.

கதவு பூட்டினால் ஜன்னல் வழியே வருபவர்

அத்தை விற்க முயன்ற மாதங்களில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சுத்தமான ஆங்கிலம், மரியாதையான குரல். 'உங்கள் உறுப்பியத்தை 22,000 வெள்ளிக்கு வாங்க சிங்கப்பூரில் ஒருவர் தயாராக இருக்கிறார். பத்திரச் செலவு 2,800 வெள்ளியை மட்டும் இன்று அனுப்பிவிடுங்கள்.' அத்தை என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார் என்பதால் தப்பித்தோம். அந்தக் குரலுக்கு அவருடைய பெயர், கழகத்தின் பெயர், ஒப்பந்த ஆண்டு எல்லாம் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை நெருடல்.

இந்த மோசடி உலகெங்கும் ஒரே அச்சில் நடக்கிறது. நேர்வழியில் விற்க முடியாமல் தவிப்பவர்களின் கூட்டம் இருக்கும் இடத்தில், 'நான் விற்றுத் தருகிறேன், முன்பணம் கொடு' என்பவர் வந்து நிற்பார். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் அடைத்திருக்கிறது. அதன் 2008ஆம் ஆண்டு டைம்ஷேர் நெறிமுறை, வாங்கியவருக்கு 14 நாள் பின்வாங்கும் உரிமை தருவதோடு நிற்கவில்லை. மறுவிற்பனை செய்து தருவதாகச் சொல்பவர், உண்மையில் விற்பனை முடியும்வரை ஒரு காசுகூட வாங்கக் கூடாது என்கிறது. எளிமையான விதி. நாமும் அதை வீட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம்: விற்று முடிந்த பிறகு தரகு; அதற்கு முன் எவர் கேட்டாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

நம் நாட்டில் டைம்ஷேர் திட்டங்கள் 2016ஆம் ஆண்டின் இன்டரஸ்ட் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2017 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் அது. கண்காணிப்பது எஸ்.எஸ்.எம். என்று நாம் அழைக்கும் மலேசிய நிறுவன ஆணையம். நிர்வாக நிறுவனத்தோடு ஓர் அறங்காவலர், அதாவது டிரஸ்டி, இருக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம் ஒன்று இருக்க வேண்டும். உறுப்பினர்களின் நலனைப் பார்ப்பதற்காகவே அந்த டிரஸ்டி இருக்கிறார். இது பலருக்குத் தெரியாது. புகார் கடிதம் நேராக நிறுவனத்துக்கு மட்டும் போய், அங்கேயே தூங்கிவிடுகிறது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு, அங்கே டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்வாங்கும் உரிமை என்பது முதல் சில நாளுக்குத்தான். விளக்கக் கூட்டத்தின் மயக்கம் தெளிய அது போதும். பதினேழாவது ஆண்டில் விதவையாகிவிட்ட ஒருவருக்கு அது எந்த விதத்திலும் உதவாது. நுழைவாசலில் காவலாளி இருக்கிறார். வெளிவாசலில் யாரும் இல்லை.

அத்தை என்ன செய்தார்?

அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்ததில் உண்மையான ஒருவர் வந்தார். அத்தைக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன், பள்ளி ஆசிரியர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். 3,000 வெள்ளி தரத் தயார். லங்காவிக்கு மனைவியை அழைத்துப்போக வேண்டும் என்று ஆசையாகப் பேசினார். கோப்பின் அந்த ஒன்றரைப் பக்கத்தை அவர் கேட்கவில்லை. அத்தை தானே எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"தம்பி, நீ வாங்கினா போர்ட் டிக்சன் மட்டும்தான். லங்காவி, பினாங்கு எல்லாம் எனக்குத்தான் உண்டு, ஒனக்கு இல்ல. வருசா வருசம் ஆயிரம் வெள்ளி மட்டும் என்னை மாதிரியே கட்டணும். நல்லா யோசிச்சிக்க."

அவர் யோசித்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். அத்தைக்கு அதில் வருத்தம் இல்லை. "என் கஷ்டத்தத் தூக்கி அந்தப் புள்ள தலையில வச்சிட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்றார். மறுவிற்பனையைப் பூட்டும் விதி, நேர்மையான ஒரு மனுஷியை எப்படிப்பட்ட இடத்தில் நிறுத்துகிறது பாருங்கள். உண்மையைச் சொன்னால் விற்காது. சொல்லாமல் விற்றால் மனசாட்சி விடாது.

அதன் பிறகு நாங்கள் விற்கும் யோசனையையே விட்டுவிட்டு, உரிமையைத் திருப்பி ஒப்படைக்கக் கேட்டோம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வழி எழுதப்படவில்லை. நிறுவனத்துக்கு ஒரு கடிதம், டிரஸ்டிக்கு அதன் நகல். மாமாவின் இறப்புச் சான்றிதழ், அத்தையின் மருத்துவர் கடிதம், 2004 முதல் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் கட்டிய ரசீதுகள். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு 'பரிசீலனையில்' என்று வந்தது. மூன்றாவதில், அடுத்த படி பயனீட்டாளர் தீர்ப்பாயம் என்று எழுதினோம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமல் கேட்கும் அந்த மன்றத்தில் பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். ஏழாவது மாதத்தில் பதில் வந்தது: இரண்டு ஆண்டுக் கட்டணமான 2,100 வெள்ளியைச் செலுத்தினால் உறுப்பியத்தை ரத்து செய்ய ஒப்புதல்.

9,450க்குப் பதில் 2,100. அத்தை கட்டினார். "18,000 குடுத்து உள்ள போனோம். 2,100 குடுத்து வெளிய வந்தோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது.

கையெழுத்துக்கு முன் நான்கு கேள்வி

டைம்ஷேர் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் போகும் குடும்பத்துக்கு, முதலீடு என்று நினைக்காமல் முன்கூட்டியே கட்டிய விடுமுறைச் செலவு என்று நினைக்கும் குடும்பத்துக்கு, அது பொருந்தலாம். எங்கள் குடும்பமே 17 ஆண்டு அதை அனுபவித்திருக்கிறது. ஆனால் மேசையில் உட்கார்ந்தவுடன் அறையின் படத்தைப் பார்க்காதீர்கள். முதலில் இந்த நான்கையும் கேளுங்கள்.

நான் விற்றால், வாங்குபவருக்கு எனக்குள்ள எல்லா உரிமையும் போகுமா? போகாது என்றால் எவை போகாது என்று எழுத்தில் தாருங்கள்.

உரிமை மாற்றத்துக்கு எவ்வளவு கட்டணம், சம்மதம் தர எத்தனை நாள், எந்தக் காரணத்துக்காக மறுப்பீர்கள்?

நான் இறந்தால், என் மனைவியோ கணவரோ பிள்ளைகளோ இதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆண்டுக் கட்டணம் அவர்களைத் துரத்துமா?

விற்கவும் முடியாத நிலையில் திருப்பி ஒப்படைக்க வழி உண்டா, அதற்கு என்ன செலவு?

முகவர் நல்லவராகத்தான் இருப்பார். 'அதெல்லாம் பிரச்சினை இல்லக்கா' என்று சொல்வார். அந்தப் பதிலை ஒப்பந்தத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். போடத் தயங்கினால், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே ஓர் உறுப்பியம் இருந்தால், இந்த வாரக் கடைசியில் அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். அப்பாவோ மாமாவோ உயிரோடு இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உரிமை மாற்றம் என்று தலைப்பிட்ட பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. ஒன்றரைப் பக்கம்தான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.